பள்ளி ஆலோசகர் படிப்பு: கடற்கரையிலிருந்து போகிறவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே உளவியலோ ஆலோசனைத் துறையோ மேற்படிப்பாகப் படிக்க விரும்பியவர்களுக்கு அண்மைக்காலம் வரை இருந்த வழி அஞ்சல்வழிக் கல்விதான். புத்தகங்கள் வீட்டுக்கே வந்துவிடும். விடுமுறை நாள்களில் சில நேர்முக வகுப்புகள் நடக்கும். தேர்வுக்கு மட்டும் மதுரைக்கோ காரைக்குடிக்கோ போய்வந்தால் போதும். அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டதால், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலுக்கு அந்த முறையில் புதிய சேர்க்கை இல்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் ஆலோசனை உளவியல் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் என்னிடம், தொண்டியிலும் சாயல்குடியிலும் வேலை பார்க்கும் பழைய சக ஆசிரியைகள் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு இரண்டாண்டு மதுரையில் எப்படித் தங்குவது என்ற அவர்களுடைய கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. ஆயினும் அந்தத் தடையை என்னால் முழுமனதோடு குறை சொல்ல முடியவில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தாள்களைப் பொறுத்தவரை, இப்படிப்பின் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே படித்துவிடலாம் என்பது உண்மைதான். குழந்தையின் வளர்ச்சிப் பருவங்கள், ஆளுமைக் கோட்பாடுகள், உளவியல் சோதனைகள், புள்ளியியல் ஆகியவற்றுக்கு நல்ல புத்தகமும் விடாமுயற்சியும் போதும். 1908-இல் பாஸ்டன் நகரில் வேலை தேடும் இளைஞர்களுக்காக ஃபிராங்க் பார்சன்ஸ் ஓர் அலுவலகம் தொடங்கியதையும், ஆலோசகரிடம் பரிவும் பாசாங்கின்மையும் எதிரே இருப்பவரை நிபந்தனையின்றி ஏற்கும் மனமும் இருக்க வேண்டும் என்று கார்ல் ராஜர்ஸ் 1957-இல் எழுதியதையும், ஆரோன் பெக்கும் ஆல்பர்ட் எல்லிஸும் எண்ணங்களைப் பிடித்துக்கொண்டு உணர்ச்சிகளை அணுகிய முறைகளையும் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்குவது அப்படியொன்றும் கடினமன்று. அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் எதிரே உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுவதுதான் கடினம்.

அமெரிக்காவில் பள்ளி ஆலோசகராக வேண்டுமானால் முதுநிலைப் பட்டமே அடிப்படைத் தகுதி. அங்கே ஆலோசகர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் காக்ரெப் என்ற அமைப்பின் விதிப்படி, மாணவர் முதலில் 100 மணி நேரம் பிராக்டிகம் என்ற முதற்கட்டக் களப்பயிற்சி செய்ய வேண்டும். அதில் 40 மணி நேரமாவது நேரடியாக ஆலோசனை அளித்ததாக இருக்க வேண்டும். அதன்பின் 600 மணி நேர இன்டர்ன்ஷிப். அதில் 240 மணி நேரம் நேரடிப் பணி. இக்காலம் முழுவதும் வாரந்தோறும் மேற்பார்வையாளர் ஒருவரிடம் கணக்குக் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு தேவை. பள்ளி ஆலோசகருக்கு அப்படி ஒரு கட்டாயப் பதிவு இல்லை. ஆகவே எத்தனை மணி நேரம் பயிற்சி, யாருடைய மேற்பார்வையில் பயிற்சி என்பவையெல்லாம் அந்தந்தக் கல்லூரியின் மனசாட்சியைப் பொறுத்தவையாக இருக்கின்றன. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி மன்றம் ஆசிரியர்களுக்கென நடத்திவரும் ஓராண்டு ஆலோசனைப் பட்டயப் படிப்பில் இன்டர்ன்ஷிப்புக்கென்றே மூன்று மாதங்களை ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை இங்கே பாராட்டிச் சொல்ல வேண்டும். நமக்கு அருகிலுள்ள அதன் மையம் மைசூரில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேற்பார்வை என்றால் என்ன நடக்கிறது என்பதைப் படிப்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்குவது எளிதன்று. எங்கள் கல்லூரியில் முதல் பருவத்திலேயே எங்களை மூவர் மூவராகப் பிரித்தார்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் பள்ளி மாணவர், மூன்றாமவர் வாய் திறக்காமல் கவனிப்பவர். கால் மணி நேர உரையாடலைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு, ஆலோசகராக இருந்தவர் அதைச் சொல்லுக்குச் சொல் தாளில் எழுதிவர வேண்டும். இருமியது, 'ம்' கொட்டியது, நாற்காலியை நகர்த்தியது, எத்தனை நொடி மௌனம் என்பது வரை எழுத வேண்டும். தாளின் வலப்பக்கத்தில் மேற்பார்வையாளரின் பென்சிலுக்காக அகலமாக இடம் விட்டிருக்க வேண்டும். கால் மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க அரை நாள் ஆகிவிடும். முணுமுணுக்காமல் அதைச் செய்தவர் எங்கள் வகுப்பில் எவரும் இல்லை.

பாம்பன் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் தோழி ஒருத்தி அப்படி ஒருமுறை எட்டாம் வகுப்புப் பையனாக நடித்தாள். பையனின் அப்பா போன விசைப்படகை நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்பது அவள் எடுத்துக்கொண்ட கதை. எங்கள் கரையில் எந்தப் பள்ளியிலும் இதைக் கற்பனை என்று சொல்லமாட்டார்கள். ஆலோசகராக உட்கார்ந்தவர் நெடுநாள் ஆசிரியப் பணி செய்தவர். எழுதி வந்த தாளில் உரையாடல் இப்படி இருந்தது.

"ஏன் ரெண்டு நாளா ஸ்கூலுக்கு வரல?"

"அம்மா கூட ராமேஸ்வரம் போனேன் மிஸ். மீன்துறை ஆபீஸுக்கு."

"அங்க எதுக்கு?"

"லிஸ்ட்ல அப்பா பேரு இருக்கான்னு பாக்க."

"கவலைப்படாத. கவர்மென்ட் பேசிக்கிட்டுதான் இருக்காங்க, சீக்கிரம் விட்டுருவாங்க. நீ நல்லாப் படி. அதுதான் அப்பாவுக்குச் சந்தோஷம்."

"சரி மிஸ்."

மேற்பார்வையாளர் 'சரி மிஸ்' என்ற இரண்டு சொற்களின் கீழே மட்டும் கோடிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்: "பையன் இங்கே எழுந்து போய்விட்டான். மீதி எட்டு நிமிடம் நீங்கள் நாற்காலியோடு பேசியிருக்கிறீர்கள்." வேறு குறிப்பு எதுவும் இல்லை. அதன்பின் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் அதே உரையாடலை, லிஸ்ட் என்ற சொல் வந்த இடத்திலிருந்து மறுபடி நடத்தச் சொன்னார்.

"லிஸ்ட் பாத்தியா?"

"பாத்தேன் மிஸ். இனிஷியல் தப்பா இருந்துச்சு."

"தப்பா இருந்துச்சு..."

இங்கே நீண்ட மௌனம். பிறகு பையனாக இருந்தவள் தானாகவே சொன்னாள்: "அப்ப இது வேற ஆளு, எங்கப்பா எங்கன்னு அம்மா அங்கயே உக்காந்துருச்சு மிஸ். நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்த இடத்தைத்தான் சொல்கிறேன். பையன் சொன்ன கடைசிச் சொற்களை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற எளிய உத்திதான். அதைத் தேர்வில் எழுதாதவர்கள் எங்களில் எவரும் இல்லை. ஆனால் வகுப்பறையில் பழகிய நாக்கு மௌனத்தைப் பொறுக்காது. ஒரு பிள்ளை வாய் மூடியிருந்தால் பாடம் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு உடனே ஏதாவது சொல்லி நிரப்பப் பார்க்கும். இவ்வகையில், ஆசிரிய அனுபவத்தோடு வருகிறவர்களைவிட நேரே இளநிலை முடித்துவிட்டு வரும் பெண்கள் விரைவாகத் தேறுகிறார்கள் என்பது என் கணிப்பு. அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைக்கப் பக்கத்தில் ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அஞ்சலில் அது வரவே வராது. தொலைநிலை முறையைத் தடுத்ததை நான் முழுமையாக எதிர்க்காததற்குக் காரணம் இவ்வளவுதான்.

பிராக்டிகத்துக்காகப் பள்ளிக்குள் போனபிறகு இது இன்னும் இறுகுகிறது. வாராந்தரச் சந்திப்பில் மேற்பார்வையாளர் பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் நம்மைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கிறார். அந்த இடத்தில் பேச்சை ஏன் மாற்றினீர்கள்? அவள் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் குரல் ஏன் இறங்கியது? சொந்த ஊரிலேயே பயிற்சி எடுப்பவர்களுக்கு இக்கேள்விகள் கூடுதலாகவே தைக்கும். அந்தப் பிள்ளையின் அத்தையோ சித்தப்பாவோ நமக்கு ஏதோ ஒருவகையில் தெரிந்தவராகத்தான் இருப்பார். பயிற்சிக் காலத்தில் நான் பேசிய எந்தப் பிள்ளையின் கதையும் இதில் வரவில்லை. பெயரை மாற்றி எழுதினாலும் எங்கள் ஊரில் அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால், வகுப்பில் நடித்துப் பார்த்தவற்றையும் பொதுவாக எல்லோருக்கும் தெரிந்தவற்றையும் மட்டுமே சொல்கிறேன்.

ரகசியத்தைப் பற்றிய பாடமும் இந்தக் கரைக்கு வந்ததும் வேறு கனம் பெற்றுவிடுகிறது. பிள்ளை சொல்வதை வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கும் முதல் சந்திப்பிலேயே அந்த வாக்கின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. தனக்கோ பிறருக்கோ உயிராபத்து இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானது தெரியவந்தால் சொல்லியே ஆக வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, விவரம் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 21-ஆவது பிரிவு, தெரிவிக்காமல் இருப்பதையே தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்குத் தண்டனை இன்னும் கூடுதல். ஊர்க் கமிட்டி, ஜமாத், பங்குப் பேரவை என்று ஒவ்வோர் ஊருக்கும் பஞ்சாயத்துப் பேசும் அமைப்பு உள்ள கடற்கரையில், 'பெண்பிள்ளை வாழ்க்கை, நாமே பேசி முடித்துக்கொள்வோம்' என்று பெரியவர்கள் வந்து உட்காரும்போது இந்தச் சட்டப் பிரிவைச் சொல்லி எழுந்து நிற்பதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது. எங்கள் மேற்பார்வையாளர் இதையும் நடித்துப் பார்க்க வைத்தார். ஊர்ப் பெரியவராக அவரே நடித்தார். மிக நன்றாகவே நடித்தார்.

அறை என்பது இன்னொரு சங்கடம். பாடத்திட்டம் கதவு சாத்திய, ஒலி வெளியே போகாத ஓர் அறையை எங்கள் மனத்தில் வரைந்துவிடுகிறது. பள்ளியிலோ ஆய்வகப் பொருள்கள் அடுக்கிய அறை கிடைக்கும்; அல்லது மதிய உணவுக்குப் பின் நூலகத்தின் ஒரு மூலை கிடைக்கும். 'ஆலோசனை அறை' என்று பலகை மாட்டிக் கொடுக்கும் தலைமையாசிரியரின் நல்ல எண்ணமே பல நேரங்களில் காரியத்தைக் கெடுத்துவிடுகிறது, ஏனென்றால் அந்தப் பலகையைக் கடந்து உள்ளே வரும் பிள்ளைக்கு மறுநாளே ஒரு பட்டம் காத்திருக்கிறது. எங்கள் மாவட்டத்துப் பள்ளி மைதானங்களில் அந்தப் பட்டம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்: "ஏர்வாடி கேஸ்."

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. நாடு முழுவதும் மனநல நிறுவனங்களைப் பற்றிய விசாரணை நடந்தது. இன்று மனநலம் வேண்டி ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் துவா என்ற பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு மருத்துவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். இவ்வளவு மாறிய பிறகும், அந்தத் தீக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளைகளின் வாயில் ஏர்வாடி என்பது கேலிச் சொல்லாகவே இருக்கிறது. ஆலோசகரைப் பார்க்கப் போகச் சொன்னால் சங்கிலி போட்டுவிடுவார்களோ என்று கேட்கிற பாட்டிமார்கள் இருக்கிறார்கள். வேறு மாவட்டத்திலிருந்து பயிற்சிக்கு வருகிறவருக்கு இந்த அச்சம் எங்கிருந்து வருகிறதென்றே விளங்காது. நான் பயிற்சி எடுத்த பள்ளியில் நாங்கள் கையாண்ட வழி எளியது: பலகையைக் கழற்றிவிட்டு, வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஆளுக்குப் பத்து நிமிடம் கூப்பிட்டுப் பேசினோம். எல்லோரும் வந்துபோகும் இடத்துக்கு யாரும் பட்டம் கட்ட முடியாது. நேரம் நிறைய விழுங்கும் வழிதான். ஆனாலும் உண்மையில் பேச வேண்டியிருந்த பிள்ளைகள் இரண்டாம் முறை தாங்களாகவே வந்தார்கள்.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட அரசுப் பள்ளிகளில் வைத்திருக்கும் 'மாணவர் மனசு' பெட்டியும் இதே காரணத்தால் வாசற்படியில் இருக்கும் பள்ளியில் ஒருவிதமாகவும், கழிப்பறைக்குப் போகும் வழியில் இருக்கும் பள்ளியில் வேறுவிதமாகவும் பயன்படுகிறது. இதற்கு மேல் இதை விளக்கத் தேவையில்லை.

கடலின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே ஆலோசகராக இருக்க முடியாது என்பதை எந்தத் தாளிலும் படிக்கவில்லை. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். கரை திரும்பும் காலைகளில் சில பையன்கள் முதல் பீரியடுக்கு வராததற்கு மீன் பிரிக்கப் போனதுதான் காரணமாக இருக்கும். அதை 'பள்ளி வெறுப்பு' என்று ஏட்டில் எழுதிவிடக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிளஸ் டூ, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் மே மாதத்தில், சரியாக இந்தத் தடைக்காலத்தின் நடுவில் வருகின்றன. வருடம் முழுவதும் வீட்டில் அதிகம் இல்லாத அப்பா அந்த நாள்களில் வருமானமின்றி முழுநேரமும் வீட்டில் இருக்கிறார். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் கடனுக்கே போய்விடுகிறது. படகை மேலேற்றிப் பழுது பார்க்கும் செலவு வேறு. அந்த வீட்டுக்குள்தான் மதிப்பெண் வந்து சேருகிறது. நகரத்துப் பள்ளிகளில் தேர்வுக்கு முந்தைய பதற்றத்தைத்தான் ஆலோசகர்கள் பெரிதாகக் கவனிக்கிறார்கள். இங்கே தேர்வு முடிவுக்குப் பிந்தைய மூன்று, நான்கு வாரங்களை அதைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அப்போது பள்ளி விடுமுறையில் இருக்கும், ஆலோசகரும் விடுமுறையில் இருப்பார். இந்த முரண்பாட்டுக்கு யாரும் இன்னும் வழி காணவில்லை.

ஆகவேதான் தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்கும் பயிற்சியை இங்கே எவரும் தவிர்க்கக் கூடாது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஆழமாக இருக்கிறது; ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கவில்லை. "செத்துப்போயிடலாம்னு தோணுச்சா?" என்று குரல் நடுங்காமல், கண்ணை விலக்காமல், சுற்றி வளைக்காமல் கேட்க நாங்கள் ஒருவரோடொருவர் திரும்பத் திரும்பப் பழகினோம். விடுமுறைக்குப் போகும் முன் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் 14416 என்ற மனநல உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித்துறையின் 14417-உம் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். அச்சடித்த துண்டறிக்கையைவிடப் பிள்ளைகள் தங்கள் கையால் எழுதிக்கொண்டதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

சோதனைகளைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகளின் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களை அறிய உதவும், எஸ்.டி.க்யூ. என்று சுருக்கிச் சொல்லப்படும் 25 கேள்விகள் கொண்ட வினாத்தாள் தமிழிலேயே கிடைக்கிறது. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி வருகிறதா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. கச்சான் காற்று பலமாக அடித்து, அப்பா கடலில் இருக்கும் நாளில் இதைக் கொடுத்தால் ஒரு விடையும், படகு கரையேறிய பின் கொடுத்தால் வேறு விடையும் வரும். நாளையும் காற்றையும் பார்த்துத்தான் வினாத்தாளை எடுக்க வேண்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் போனால் அப்பா வளைகுடா நாட்டில் இருப்பார். வீடியோ அழைப்பில் மட்டும் வாப்பாவைப் பார்க்கும் பிள்ளை, அவர் விடுமுறையில் வந்து வீட்டில் அதிகாரம் செய்யும் மாதத்தில்தான் தடுமாறுகிறது. பிரிவைவிடத் திரும்பி வருதல் சிக்கலானது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். மண்டபத்திலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் பிள்ளைகளிடம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். நன்றாகப் படித்தால் அரசு வேலை கிடைக்கும் என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்வதை, குடியுரிமை இல்லாத இந்தப் பிள்ளைக்குச் சொல்ல முடியாது. பொய்யான நம்பிக்கையும் தராமல், இருக்கிற நம்பிக்கையையும் கெடுக்காமல் என்ன சொல்வது என்று என் மேற்பார்வையாளரைக் கேட்டேன். "முதலில் அவனிடமே கேளுங்கள். உங்களைவிட அவனுக்குச் சட்டம் தெரிந்திருக்கும்" என்றார். தெரிந்துதான் இருந்தது.

தொழில் வழிகாட்டலில் ஜான் ஹாலண்டின் ஆறு வகை ஆர்வங்களை அடிப்படையாகக் கொண்ட வினாத்தாள்களைப் பயன்படுத்தக் கற்றுத்தருகிறார்கள். எங்களுக்குக் கொடுத்ததில் வங்கி, நூலகம், ஆய்வகம், கடை எல்லாம் இருந்தன. கடல் என்ற சொல்லே இல்லை. டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்டக் கூடிய, ஜி.பி.எஸ். கருவியை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடிய பையனுக்கு அந்தத் தாளில் எந்தத் திறமையும் இல்லை என்று விடை வந்தது. அதனால் கடற்கரைப் பிள்ளைகளுக்கான கேள்விகளை நாங்களே எழுதிச் சேர்த்தோம்: கிழிந்த வலைக்கண்ணை எண்ணிக் கட்டப் பிடிக்குமா, ஏலத்தில் விலை கேட்கப் பிடிக்குமா, பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகும் பெண்களின் கணக்கு வழக்கை எழுதப் பிடிக்குமா என்பன போல. பள்ளிச் சுவர்களில் கலாம் படம் இல்லாத பள்ளி இந்தக் கரையில் இல்லை. படகுக்காரர் மகன் குடியரசுத் தலைவரானதைச் சொல்லி ஊக்கப்படுத்துவது நல்லதுதான்; ஆனால் எல்லாப் பையன்களையும் அந்த ஒரே அளவுகோலால் அளந்து, எட்டாதவனைத் தோற்றவனாக்கும் பழக்கம் எங்கள் ஆசிரியர்களிடம் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இப்போதும் அதன் மையம் அங்கே இருக்கிறது. அந்த வாசலைத் தினமும் பேருந்தில் கடக்கும் பிள்ளைக்கு, உள்ளே வேலை பார்ப்பவர்கள் என்ன படித்தார்கள் என்றோ, தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறதென்றோ, அதில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு உண்டென்றோ தெரிவதில்லை. இதைத் தெரியப்படுத்த வினாத்தாளே வேண்டாம், ஒரு மதிய வேளை போதும்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், சட்டம் முன்னே போய்விட்டது, பணியிடங்கள் பின்னால் நிற்கின்றன. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து வழங்கிய வழிகாட்டு நெறிகளில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது. எங்கள் கடலோர வட்டாரங்களில் இப்போதைக்கு வேலை தருபவை பெரும்பாலும் தனியார் பள்ளிகளும் தொண்டு நிறுவனங்களும்தான். அவற்றிலும் சில பள்ளிகள் ஆலோசகரை நியமித்துவிட்டு, ஆசிரியர் விடுப்பெடுக்கும் வகுப்புகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இரண்டாண்டுச் செலவை இந்தச் சம்பளத்தில் திரும்பப் பெற நாளாகும் என்பதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

அஞ்சல்வழியை மீண்டும் திறக்கச் சொல்லி மனுப் போடலாமா என்று கேட்கும் தோழிகளுக்கு என் பதில் வேறு. 2022 ஜனவரியிலிருந்து ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. தாள்களை மதுரையிலோ காரைக்குடியிலோ எழுதிக்கொண்டு, பிராக்டிகத்தையும் மேற்பார்வையையும் ராமநாதபுரத்தை மையமாக வைத்து மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி ஒன்றியங்களின் பள்ளிகளில் நடத்தப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்தால், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே போய்வர முடியும். மேற்பார்வையாளர் ஒருவர் கரைக்கு வருவது, பல ஆசிரியைகள் ஊரை விட்டுப் போவதைவிட மலிவு. மனுப் போடுவதானால் இதற்குப் போடலாம்.

அதுவரை சேர நினைப்பவர்கள், விண்ணப்பம் வாங்கும் முன்பே கல்லூரியிடம் பிராக்டிகம் எத்தனை மணி நேரம், மேற்பார்வையாளர் வாரம் எத்தனை முறை பார்ப்பார், எழுதிக் கொடுக்கும் உரையாடலை அவர் உண்மையில் படிப்பாரா என்று கேட்டுவிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே மற்றவை தெரிந்துவிடும். சொந்த ஊருக்குப் பக்கத்தில் பயிற்சி எடுக்க விரும்பினால், அரசுப் பள்ளிக்கு முதன்மைக் கல்வி அலுவலரிடமும், உதவிபெறும் பள்ளிக்குத் தாளாளரிடமும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். கல்லூரி தரும் கடிதத்தில் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்வது பற்றியும் பெற்றோர் ஒப்புதல் பற்றியும் தெளிவாக எழுதியிருந்தால் கோப்பு தேங்காது. ஜூன் மாதத்திலேயே கடிதம் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில்தான் பள்ளிகள் வகுப்பு நேரத்தில் பிள்ளைகளை அனுப்பும்.